சாய்வெயிலில் பினாங்கு: ஐந்து நாள் சைக்கிள் குறிப்புகள்

முதல் நாள், சனிக்கிழமை இரவு

மின்ரயில் பட்டர்வொர்த்தை அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி. கோலாலம்பூரிலிருந்து நான்கு மணி நேரப் பயணம். உறையிலிட்டுக் கொண்டுவந்த இரண்டு மடக்கு சைக்கிள்களையும் நிலையத்திலேயே விரித்து, திருகுகளை இறுக்கி, சக்கரங்களில் காற்றைப் பார்த்துவிட்டுப் படகுத்துறைக்கு உருட்டிக்கொண்டு போனோம். பினாங்குப் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. தீவுக்குள் சைக்கிளோடு நுழைய வேண்டுமென்றால் ஃபெர்ரிதான் வழி. எனக்கு அதில் மகிழ்ச்சியே. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவைப் பிடித்த ஃபிரான்சிஸ் லைட் 1786-இல் வந்து இறங்கியதும், அதன்பின் நாகப்பட்டினத்திலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் நம்மவர்கள் வந்து இறங்கியதும் கடல் வழியாகத்தான். தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுன் கடலைப் பார்த்து வளர்ந்த ஊர். அதன் முகத்தைக் கடலிலிருந்து பார்ப்பதுதான் முறை.

என்னோடு வந்திருப்பவன் அக்காள் மகன். பத்தொன்பது வயது, கல்லூரி விடுமுறை. அவனுக்குச் சைக்கிளில் ஆசை, எனக்குக் கல்லிலும் செங்கல்லிலும் ஆசை. நான் கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். வகுப்பில் காட்டுவதற்கு என்னிடம் இருக்கும் படங்களெல்லாம் ஒரே மாதிரியானவை. கோட்டை என்றால் வாசல், கோயில் என்றால் கோபுரம். அந்தக் காலத்துச் செங்கல் எப்படி இருக்கும், கல்லில் எழுத்தை எவ்வளவு ஆழத்துக்கு வெட்டினார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் எடுத்து நீட்ட ஒரு படமும் இல்லை. அதற்காகத்தான் இந்த ஐந்து நாள்.

பழைய சுவரைப் படமெடுக்க நேரம் முக்கியம். உச்சி வெயிலில் எந்தச் சுவரும் தட்டையாகத்தான் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு மேடும் பள்ளமும் தன் நிழலைத் தானே போட்டுக் காட்டும். ஆகவே ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். யுனெஸ்கோ 2008-இல் மலாக்காவோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றிய ஜார்ஜ்டவுனின் மையப் பகுதி சுமார் 109 ஹெக்டேர்தான். காரில் போனால் ஒருவழிப் பாதையிலும் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலும் வெயில் போய்விடும். சைக்கிளுக்கு அந்தக் கவலை கிடையாது.

விடுதியில் பைகளை வைத்துவிட்டு நேராகக் கார்ன்வாலிஸ் கோட்டை. லைட் முதலில் கட்டியது நிபோங் பனைமரங்களை நட்ட வேலிக் கோட்டை. அதை அகற்றிவிட்டு 1804-இலிருந்து செங்கல்லாலும் கல்லாலும் கட்டினார்கள். கட்டிய கைகள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகளுடையவை. வங்காளத்தவரும் இருந்தார்கள், மதராஸ் மாகாணத்தவரும் இருந்தார்கள். தீவின் பழைய சாலைகளிலும் பொதுக் கட்டடங்களிலும் அவர்களுடைய உழைப்பு கலந்திருக்கிறது. கோட்டைக்குப் பெயர் கார்ன்வாலிஸ் பிரபுவுடையது. செங்கல் அடுக்கியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

ஆறே காலுக்கு வெயில் தெற்குச் சுவரை உரசத் தொடங்கியது. முக்காலியைச் சுவருக்கு ஏறத்தாழ இணையாக வைத்துக் குனிந்து பார்த்தேன். பையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “சின்னம்மா, எல்லோரும் பீரங்கியைத்தான் எடுக்கிறார்கள். இந்த வெறும் சுவரில் என்ன இருக்கிறது?”

கேமராவின் திரையைப் பெரிதாக்கிக் காட்டினேன். செங்கல் வரிசை நேர்கோடாக இல்லை. ஓரிடத்தில் சற்று எழும்புகிறது, பிறகு தணிகிறது. இடையில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புச் சாந்து ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு கனம். “இந்த வளைவு ஒரு மனிதனுடைய ஒரு நாள் வேலை” என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பீரங்கியையும் எடுத்தோம். ஸ்ரீ ரம்பாய் என்று பெயர். 1603-இல் வார்த்த டச்சுப் பீரங்கி, ஜொகூர், அச்சே, சிலாங்கூர் என்று பல கை மாறி இங்கே வந்தது. பிள்ளைவரம் வேண்டிய பெண்கள் அதன் வாயில் பூ வைத்து வணங்கும் வழக்கம் இருந்திருக்கிறது. கோட்டைக்கு அருகிலுள்ள மணிக்கூண்டு விக்டோரியா அரசி 1897-இல் நிறைவுசெய்த அறுபதாண்டு ஆட்சியின் நினைவாக எழுப்பி, 1902-இல் கட்டி முடித்தது. ஆண்டுக்கு ஓர் அடி வீதம் அறுபது அடி. போர்க்காலக் குண்டுவீச்சில் சற்றே சாய்ந்து நிற்கிறது. படத்தில் சாய்வு தெரிந்தால் கேமராவைச் சாய்த்துப் பிடித்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு

இன்று ஒரு பாடம். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் லென்ஸ் முழுக்கப் பனி மூடிக்கொண்டது. வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்துவிடுகிறது. துடைக்கத் துடைக்க மறுபடி மூடியது. கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விட்டிருக்க வேண்டும். நல்ல வேளை, பினாங்கில் டிசம்பரில் ஏழே காலுக்கு மேல்தான் பொழுது விடிகிறது. குயின் தெருவில் காத்திருக்க நேரம் இருந்தது.

குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். நிலம் 1801-இல் வழங்கப்பட்டது, கோயில் 1833-இல் எழுந்தது. தெரு குறுகியது. எதிர்வரிசைக் கடைவீடுகளின் கூரையைத் தாண்டி வெயில் வர எட்டு மணிக்கு மேல் ஆகிறது. அதுவரை கோபுரம் நிழலுக்குள் சாம்பல் நிறமாக நின்றது. பூக்கடைக்காரர் ஒருவர் மல்லிகைச் சரங்களுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, “எந்த ஊர் நீங்கள்?” என்று விசாரித்தார். கிள்ளான் என்றதும், “அங்கே இல்லாத கோயிலா?” என்றார். இருக்கிறது ஐயா, ஆனால் 1833 இல்லை என்றேன். அவர் சிரித்துவிட்டு, நின்று எடுக்கச் சரியான இடம் எதிரேயுள்ள ஐந்தடி நடைபாதைதான் என்று காட்டினார். அவர் சொன்னது முற்றிலும் சரி. கோபுரத்தைக் கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் உச்சி பின்னால் விழுவது போல் குறுகிப் போய்விடும். கேமராவை மட்டமாக வைத்து, கோபுரம் முழுவதும் அடங்கும் அளவுக்குப் பின்னால் நகர வேண்டும். எதிர் நடைபாதையின் தூண்களுக்கு நடுவே நின்றபோது சரியாக அடங்கியது.

எட்டு பத்துக்கு முதல் வெயில் உச்சிக் கலசத்தில் பட்டது. அங்கிருந்து சிற்பம் சிற்பமாகக் கீழே இறங்கியது. பதினைந்து நிமிடம். அதற்குள் நாற்பது படங்கள். துவாரபாலகரின் முழங்கால் மடிப்பில் நிழல் விழுந்த அந்த ஒரு படத்துக்காகவே பினாங்கு வந்தது வீண்போகவில்லை. உள்ளே கேமராவைத் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அம்மனைக் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தோம்.

சைக்கிளில் இரண்டு நிமிடம் மிதித்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அதன் தொடக்கமும் 1801. காதிர் முகைதீன் மரைக்காயர், பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர், கம்பெனியார் தந்த நிலத்தில் எழுப்பினார். அம்மன் கோயில் நிலத்துக்கும் இதற்கும் ஒரே ஆண்டு என்பதை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை இன்றுதான் கால்களால் அறிந்தேன். இன்று நாம் பார்க்கும் குவிமாடமும் மினாராவும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த பெரிய மாற்றத்தில் வந்தவை. படத்துக்குக் கீழே 1801 என்று மட்டும் எழுதிவிட்டால் அது பாதி உண்மைதான்.

அதே தெருவில் வடக்கே போனால் குவான் யின் என்ற சீனத் தெய்வத்தின் கோயில், அதையும் தாண்டினால் 1818-இல் எழுந்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம். அதுவும் கைதிகளின் உழைப்பு. வெள்ளைவெளேரென்ற தூண்களை மேகம் மூடியிருந்தபோது எடுத்தேன். வெள்ளைச் சுவருக்குக் கடும் வெயில் ஆகாது, சாந்தின் வழுவழுப்பு மறைந்துவிடும். சுண்ணாம்புச் சாந்து என்றால் என்ன என்று பையன் கேட்டான். சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சாந்தைச் சிங்கப்பூரின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துச் சுவரில் இந்தியக் கைதிகள் பூசிய விவரம் பதிவாகியிருக்கிறது. மதராஸ்ச் சுண்ணாம்பு என்றே அதற்குப் பெயர். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழுவழுப்பு தெரியும்.

சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் முனையில் நாகூர் தர்கா. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடல் தாண்டி வந்தவர்கள் நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீதின் நினைவாகக் கட்டியது. சூலியா என்ற சொல்லே சோழர் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். தர்கா சிறியதுதான். மூலைகளில் எழும் குட்டி மினாராக்கள் நாகூரின் பெரிய மினாராக்களைப் பார்த்த கண்கள் மனத்தில் வைத்திருந்து செய்தவை. எனக்கு இந்த நகரத்தில் மிகவும் பிடித்த கட்டடம் இதுதான். கப்பல் ஏறுவதற்கு முன் அங்கே வேண்டிக்கொண்டவர்கள், இறங்கிய பிறகு நன்றி சொல்ல இங்கே ஒரு நாகூரைச் செய்துகொண்டார்கள். நான் எடுத்த ஒன்பது படங்களில் எதிலும் அந்த எண்ணம் வரவில்லை. நாளை மீண்டும் வருவேன்.

மதியம் நாசி கண்டார். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடி போல் தோளில் கம்பு வைத்து இருபுறமும் சோற்றுப் பானையும் குழம்புப் பானையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளருக்கு விற்றது. அந்தக் கம்புக்குத்தான் கண்டார் என்று பெயர். பிறகு அர்மீனியன் தெரு. சுவரில் தீட்டிய சைக்கிள் குழந்தைகள் ஓவியத்தின் முன் நீண்ட வரிசை. 2012-இல் தீட்டியது, அழகானதும்கூட. குழந்தைகள் அதன் முன் நின்று சிரிப்பதைப் பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களிடம், சற்றுத் தள்ளி அச்சே தெருவில் 1808-இன் பள்ளிவாசலும் எண்கோண மினாராவும் இருக்கின்றன, அங்கே யாருமே இல்லை, போய்ப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஒரு குடும்பத்திடம் சொல்லியும்விட்டேன். அவர்கள் போனார்கள்.

கூ என்ற சீனக் குலத்தாரின் மாளிகையான கூ கொங்சியைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை. 1901-இல் எரிந்து 1906-இல் மறுபடி எழுந்த அந்தக் கல்மாளிகையை எழுதாதவர்கள் இல்லை.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை இரவு

பகலெல்லாம் மழை. சிறு குறிப்பு மட்டும்.

காலையில் மழை விட்ட இடைவெளியில் பழைய புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டம். 1794-இல் இறந்த லைட்டின் கல்லறை இங்கேதான். ஈழத்தலரி மரங்களின் கீழே ஈரமான கற்கள். ஈரத்தில் கல் கறுத்து, எழுத்துகளில் தேங்கிய தண்ணீர் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. படமெடுப்பவர்களுக்கு மழை கொடுக்கும் கொடை அது. சிறு குழந்தைகளின் கல்லறைகள் நிறைய. பெயரைப் படித்து வயதைக் கணக்குப் போட்டுக்கொண்டே போன பையன் ஓரிடத்தில் நிறுத்திவிட்டான்.

பிற்பகலில் மழையோடு மழையாகத் தண்ணீர்மலை. ஆறு கிலோமீட்டர் மேட்டை நோக்கி. 1857-இல் எழுந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலின் அகன்ற மண்டபத்தில் ஒதுங்கினோம். தைப்பூசத்தில் பினாங்கு தெருவின் கோயில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதம் வந்து சேரும் இடம் இது. ரதம் 1894-இல் காரைக்குடியிலிருந்து கப்பலில் வந்தது. மண்டபத்துத் தரையில் மழைவெளிச்சம் கண்ணாடி போலக் கிடந்தது. மேலே 513 படிகள் ஏறினால் பாலதண்டாயுதபாணி. ஏறினோம். மேலே மேகம் தவிர வேறொன்றும் தெரியவில்லை. முருகன் தெரிந்தான், அது போதும்.

ஆயர் ஈத்தாமின் கெக் லோக் சி கோயிலுக்குப் போகவில்லை. மழையில் மிதித்துப் போய் எடுக்கும் படம் அதற்கு நியாயம் செய்யாது. அடிப்பகுதி சீனப்பாணி, நடு தாய்லாந்துப்பாணி, முடி பர்மியப்பாணி என்று மூன்று நாட்டுக் கைகள் சேர்ந்த அதன் கோபுரத்துக்குத் தெளிந்த வானம் வேண்டும்.

மாலை ஆறரைக்கு மழை நின்றது. ஈரச் சட்டையோடு நாகூர் தர்காவுக்கு விரட்டிக்கொண்டு வந்தோம். தெரு நனைந்திருந்தது. மினாராக்கள் தலைகீழாகத் தண்ணீரில் தெரிந்தன. கரையில் நிற்பது போல் தெருவோரத்தில் உட்கார்ந்து, கேமராவைத் தரையோடு வைத்து ஒரு படம் எடுத்தேன். படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தண்ணீர், அதன்மேல் நாகூர். நேற்று வராதது இன்று வந்துவிட்டது.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து

இந்த நாளுக்காகத்தான் மற்ற நாள்களை ஒதுக்கினேன் என்று சொன்னால் மிகையில்லை.

பினாங்கைப் பற்றி எந்தக் கையேட்டைத் திறந்தாலும் கதை 1786-இல் தொடங்குகிறது. பினாங்கு மாநிலம் என்பது தீவு மட்டுமா? கடலுக்கு இந்தப் பக்கம் செபராங் பிறையும் பினாங்குதான். இந்தப் பக்கத்தில், புக்கிட் மெர்தாஜாமின் அடிவாரத்தில், செரோக் தோக்குன் என்ற இடத்தில், லைட் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பாறையில் பல்லவ எழுத்தில் சமஸ்கிருதம் வெட்டியிருக்கிறார். தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த எழுத்து. அந்தப் பாறை இப்போது செயிண்ட் ஆன் தேவாலய வளாகத்துக்குள் இருக்கிறது. ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1845-இல் அதைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார்.

காலை ஃபெர்ரியில் திரும்பி, லாரிகள் ஓடும் பெருஞ்சாலையைத் தவிர்த்து உட்சாலைகளில் மிதித்தோம். பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வழியில் பையனின் பின்சக்கரத்தில் ஆணி ஏறியது. ஒரு பட்டறை முற்றத்தில் அவனே டியூபை மாற்றினான். நான் பம்பு அடித்தேன். அந்த வீட்டு அம்மா கூப்பிட்டு உட்காரவைத்து ஆளுக்கொரு குவளை வரக்காப்பி கொடுத்தார். எங்கே போகிறீர்கள் என்றார். கல்வெட்டுப் பார்க்க என்றேன். “மாதா கோயிலுக்கு வருஷா வருஷம் போகிறேன் தங்கச்சி, அந்தக் கல்லை ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை” என்றார். ஜூலை 26-ஆம் நாள் திருவிழாவுக்கு மலேசியா முழுவதிலிருந்தும் மக்கள் வரும் இடம் அது. தமிழில் செபம் சொல்லிக்கொண்டு மெழுகுவர்த்தி ஏந்திப் போகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. பாறையின் முன் போய் நின்றேன். எதுவும் தெரியவில்லை.

உண்மையாகவே தெரியவில்லை. கருங்கல், பாசி, மழை வடிந்த கறை. வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாகப் பரவியிருந்தது. எழுத்துகள் ஆழமில்லாதவை, நூற்றாண்டுகளின் மழையில் தேய்ந்தவை. ஒரு கோடு தெரிவது போலிருக்கும், கண்ணை நகர்த்தினால் அது கல்லின் இயல்பான வெடிப்பாகிவிடும். பையன், “சின்னம்மா, கொஞ்சம் சுண்ணக்கட்டி தடவினால் தெரியுமே” என்றான். அப்படித் தடவியும் கிளறியும் உலகெங்கும் எத்தனையோ கல்வெட்டுகள் கெட்டிருக்கின்றன. தண்ணீர் தெளிப்பதும் தேய்ப்பதும்கூட வேண்டாம். தொடவே கூடாது. காத்திருப்போம் என்றேன்.

ஏழு மணி நேரம் காத்திருந்தோம். தேவாலயத்தில் சற்று உட்கார்ந்தோம். அடிவாரத்துக் கடையில் மீ கோரெங் சாப்பிட்டோம். அவன் ஒரு மரத்தடியில் தூங்கினான். நான் ஜேம்ஸ் லோவைப் பற்றி என் குறிப்பேட்டில் இருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். இதே செபராங் பிறையின் வடக்கில் 1834-இல் அவருக்கு இன்னொரு கல் கிடைத்தது. புத்தகுப்தன் என்ற மாநாவிகன், அதாவது கப்பல் தலைவன், தன் பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று பொறித்துவைத்த கல். 5-ஆம் நூற்றாண்டு. அது இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாகூர் தர்காவில் கடல் தாண்டி வந்தவர்கள் வேண்டிக்கொண்டதும், அவர்களுக்குப் பதின்மூன்று பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் அந்த மாநாவிகன் வேண்டிக்கொண்டதும் ஒன்றேதான். நேற்றைய படம் ஏன் என்னை அவ்வளவு உலுக்கியது என்று அந்த மரத்தடியில்தான் புரிந்தது.

ஆறே முக்காலுக்கு வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கேமராவை முக்காலியில் இறுக்கினேன். பையனிடம் சைக்கிள் விளக்கைக் கழற்றிக் கொடுத்து, இடப்பக்கம் போய், பாறையின் பரப்போடு பரப்பாக ஒளி உரசிப் போகும்படி தாழ்த்திப் பிடிக்கச் சொன்னேன்.

“இன்னும் தாழ்த்து. இன்னும். முழங்காலுக்குக் கீழே.”

அவன் மண்டியிட்டான். ஒளி பாறைமேல் படுத்தது. அப்போது எழுத்துகள் எழுந்தன. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. இல்லாத இடத்திலிருந்து ஒரு வளைவு, அதன்மேல் ஒரு கொம்பு, பக்கத்தில் நேராக இறங்கும் ஒரு கால், ஒவ்வொன்றும் தன் கறுத்த நிழலோடு வரிசையாக வந்து நின்றன. என்னால் அவற்றைப் படிக்க முடியாது. ஆனால் அந்தக் கொம்பையும் காலையும் தமிழ் எழுத்தின் வளைவுகளை அறிந்த எந்தக் கண்ணும் அயலாகப் பார்க்காது. பையன் விளக்கைப் பிடித்தபடியே தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்து, “சின்னம்மா, இருக்கிறது சின்னம்மா” என்றான்.

இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, மறுபடி இடமிருந்து என்று ஒளியின் திசையை மாற்றி மாற்றி முப்பதுக்கு மேல் எடுத்தோம். ஒரு திசையில் மறையும் கோடு இன்னொரு திசையில் வெளிப்படும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஓர் எழுத்து முழுமையாகிறது. விளக்கின் மின்கலம் தீரும்வரை எடுத்தோம். விடுதிக்கு என் சைக்கிளின் ஒற்றை விளக்கில், அவன் பின்னால் ஒட்டிக்கொண்டு வர, மெதுவாக வந்து சேர்ந்தோம்.

ஐந்தாம் நாள், புதன்கிழமை, ரயிலில் எழுதியது

விடிவதற்கு முன் கிளம்பி வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல். கெப்பாலா பத்தாஸைத் தாண்டினால் இருபுறமும் வயல். சமதரை, எதிர்க்காற்று இல்லை. சைக்கிள் தானாக ஓடியது போலிருந்தது. கொக்குகள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன.

குவார் கெப்பா. வட மலாயில் குவார் என்றால் மேடு, கெப்பா என்றால் மட்டி. மட்டி ஓடுகள் குவிந்த மேடு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் கடற்கரை. இங்கே வாழ்ந்தவர்கள் மட்டியைத் தின்று ஓடுகளை எறிந்து எறிந்து மேடாக்கினார்கள். இறந்தவர்களையும் அந்த ஓடுகளுக்கு நடுவிலேயே புதைத்தார்கள். முன்பு தோண்டியபோது கிடைத்த எலும்புக்கூடுகள் நெதர்லாந்துக்குப் போய்விட்டன. 2017-இல் கிடைத்த ஒரு பெண்ணின் எலும்புக்கூடு ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. பினாங்குப் பெண் என்று அவளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கோபுரம் இல்லை, மினாரா இல்லை, எழுத்தும் இல்லை. மண்ணில் ஆங்காங்கே வெள்ளைத் துணுக்குகள். தாழ்ந்த காலை வெயிலில் ஒவ்வொரு துணுக்கும் மின்னியது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் குவியல்களைச் சுண்ணாம்பு சுடுவதற்காகத் தோண்டி எடுத்தார்கள். அதைச் சொன்னதும் பையன் நிமிர்ந்து பார்த்தான். “சின்னம்மா, அப்படியானால் அந்தத் தேவாலயத்துச் சுவரில்…” என்று தொடங்கினான். இந்த ஓடு அந்தச் சுவருக்குத்தான் போனது என்று நாம் சொல்லக் கூடாது, சான்று வேண்டும் என்றேன். அவன் தலையாட்டினான். ஆனாலும் இருவரும் அந்த வெள்ளைத் துணுக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வயல்களுக்கு அப்பால் வடக்கே ஜெராய் மலை, 1,217 மீட்டர், மேகமில்லாமல் முழுசாக. புத்தகுப்தனுக்கும் அவனுக்குப் பின் வந்த கப்பல்காரர்களுக்கும் நடுக்கடலிலிருந்து கரையைக் காட்டிய மலை. அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்போடு இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் ஏறிய கடாரம். மூடா ஆற்றைக் கடந்தால் கெடா மாநிலம். எங்களுக்கு மாலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

ஒரு வரப்பில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு மலையை எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் பையன் என் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன்.

“பூஜாங் பள்ளத்தாக்கு: புக்கிட் பத்து பஹாட் கோயில், மெர்போக். மாலை ஐந்தரைக்கு மேல் ஒருமுறை, மறுநாள் விடிந்ததும் ஒருமுறை. விளக்கு இரண்டு. மின்கலம் நான்கு.”